அவர் படிப்பும் என் ஓவனும்

மார்ச் 4
இன்று பேக்கரியில் ஒரு தட்டு பன் கருகிப்போனது. கருக்கியது நான்தான். கடைக்காரம்மா, "கை இங்க இருக்கு, மனசு எங்க இருக்கு?" என்றார். வீட்டில் இருந்தது. காலையில் பல் விளக்கிக்கொண்டே இவர் சொல்கிறார்: "நான் நர்ஸுக்குப் படிக்கலாம்னு இருக்கேன்."

பதினாறு வருடம் லாரி ஓட்டியவர். மீசை மட்டும் தனியாகக் கால் கிலோ தேறும். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு இனி லாரி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் குடோன் கணக்கு வேலை தருகிறார்கள், சம்பளமும் பரவாயில்லை. அதை விட்டுவிட்டு நர்ஸா? சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வாயில் நுரையோடு அப்படியே நின்றார்.

மார்ச் 6
கல்லூரியில் கொடுத்த காகிதத்தைக் கொண்டுவந்தார். ஒரு வருட நர்சிங் சான்றிதழ்ப் படிப்பு. முழுநேரம், அதனால் அந்த ஒரு வருடம் அவர் சம்பளம் கிடையாது. கட்டணத்துக்கும் குடும்பச் செலவுக்கும் சேர்த்துக் கடன், அடைக்க ஐந்து வருடம். முடித்ததும் கிடைக்கும் முதல் சம்பளமோ குடோனைவிடக் குறைவு. மேலிருந்து கூட்டினேன், கீழிருந்து கூட்டினேன். எப்படிக் கூட்டினாலும் உதைக்கிறது.

மார்ச் 8
இவருடைய அண்ணன் வந்திருந்தார். விஷயம் தெரிந்ததும், "டேய், உன் மீசையப் பார்த்தா நோயாளி எந்திரிச்சு ஓடிருவான்டா. அந்த வகையில சீக்கிரம் குணமாயிடும்" என்றார். எல்லோரும் சிரித்தோம், இவரும்தான். பிறகு தட்டு கழுவப் போனவர் ஒரே தட்டை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

மார்ச் 9
கேட்டே விட்டேன். "ஏங்க, எத்தனையோ வேலை இருக்கு. இது ஏன்?"

அப்போதுதான் சொன்னார். ஆபரேஷன் ஆன மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுக்கையை நனைத்துவிட்டாராம். என்னிடம்கூடச் சொல்லவில்லை. "அந்த நர்ஸக்கா வந்து, ரோட்டுல குழி எங்கெங்க இருக்குன்னு என்னக் கேட்டுக்கிட்டே விரிப்ப மாத்திட்டாங்க. நான் வெக்கப்படவே நேரம் இல்ல. அந்த மாதிரி நானும் ஒருத்தருக்குச் செய்யணும். குடோன்ல மூட்டை எண்ணிக்கிட்டே கிழவனாகணுமா, சொல்லு?"

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மார்ச் 10
ஓவன் பணம் இருக்கிறது. சொந்தமாகக் கேக் செய்து விற்க ஆறு வருடமாகச் சேர்த்தது. அதைக் கொடுத்தால் கடன் பாதியாகும். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் — கேட்காமல் இருக்கிறாரே, அதுதான் எரிச்சல்.

மார்ச் 13
அந்த நர்ஸக்காவையே போய்ப் பார்த்தேன். மனதில் பட்டதை அப்படியே பேசுகிறவர். "முதல் சம்பளத்தப் பார்த்தா அழுகை வரும். ஆனா படிச்சுட்டு வேலையில்லாம உட்கார்ந்த ஆள நான் பார்த்ததில்ல. ஒண்ணு மட்டும் கேளும்மா. படிப்புக்குக் கடன் வாங்கு, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வாங்காத. என்கூடப் படிச்சவங்க மாட்டினது அதுலதான்."

அந்தக் கல்லூரியிலேயே மாலை வகுப்பு உண்டாம். ஒன்றரை வருடம். பகலில் வேலைக்குப் போகலாம். பளபளவென்று அச்சடித்த காகிதத்தில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை!

மார்ச் 15
முடிவாகிவிட்டது. பகலில் குடோன், மாலையில் வகுப்பு. கட்டணத்துக்கு மட்டும் கடன்.

"ஓவன் பணத்த நான் தர மாட்டேன்," என்றேன். பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"நீ தந்தா நான் படிக்கவே மாட்டேன்."

"ஓவன் வாங்குறேன். கேக் விக்கிற காசுல தவணை கட்டலாம். நீங்க படிங்க."

என்னை அப்படியே தூக்கப் பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டே நாள் முடிந்தது.

ஜூன் 21
ஓவன் வந்தாச்சு. முதல் நாள் மூன்று கேக், ஒன்று சாய்ந்துவிட்டது. சாய்ந்ததை நாங்களே தின்றோம். எங்கள் வாலு — ஏழு வயது மகள் — அப்பாவுக்கு எலும்புப் பெயர்களில் பரீட்சை வைக்கிறாள். தப்பாகச் சொன்னால் முட்டி போட வேண்டுமாம். முதுகைக் காட்டித் தப்பிக்கிறார்.

நவம்பர் 12
ஆர்டரே இல்லை. தவணைக்குக் கையைக் கடிக்கிறது. இன்று வாய் தவறி, "பேசாம குடோனோட இருந்திருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டேன். நாளை அவருக்குத் தேர்வு. ஏன்டி உனக்கு இந்த நாக்கு?

நவம்பர் 13
தேர்வுக்குப் போகும் முன் என் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். "கொஞ்சம் ஏறியிருக்கு. காரணம் நான்தான்," என்றார். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். கடைக்காரம்மாவிடம் முன்பணம் வாங்கித் தவணையைக் கட்டினேன்.

பிப்ரவரி 8
நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் எழுதவே நேரமில்லை. அவர் படிப்பை முடித்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது மாதம். முதல் சம்பளம் வந்தபோது அவர் அழவில்லை, நான்தான் லேசாக அழுதேன். கடன் இன்னும் பாதிக்கு மேல் நிற்கிறது. ஆனால் மாதம் தவறாமல் குறைகிறது. கேக்கும் நன்றாகவே போகிறது.

இன்று கேக் வாங்க வரும் ஒரு அம்மா வழி தெரியாமல் தெருமுனையிலிருந்து போன் செய்தார். "வீட்ட எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"நர்ஸ் வீடுன்னு கேளுங்க. யாரா இருந்தாலும் காட்டுவாங்க," என்றேன்.

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அந்த அம்மாவும் நேராக வந்து கதவைத் தட்டிவிட்டார்.