நாலாவது ஆள் கேட்ட வரம்

ஜனவரி 16
அம்மா போய் இரண்டு மாதம். ஊர்ப் பொதுக் குளியல் கூடத்தில் வழக்கம்போல, வருகிறவர்களுக்கு முதுகு தேய்த்தேன்; அதுதான் என் வேலை. வாளித் தண்ணீர் கொதிக்கிறது என்று படுத்திருந்தவள் கத்தினாள். என் கை அதற்குள்தான் இருந்தது. தெரியவில்லை.

ஜனவரி 22
ஷாங்காயில் இருக்கும் தங்கை யுன்ஷியாவைப் பற்றித்தான் இங்கே பேச்சு. "இடுப்புல காசுச் சரம் கட்டினவ. பெத்தவ சாவுக்குக்கூட எட்டிப் பார்க்கலையே." எனக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. ஏன்?

அந்தச் சொல் வந்த கதையை ஓய்வுபெற்ற ஆசிரியை பியான், முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். அந்தக் காலத்தில் நாலு பேர் ஆளுக்கொரு ஆசை சொன்னார்களாம். ஒருவனுக்கு நம் யாங்சோவில் அதிகாரி ஆகவேண்டும். ஒருவனுக்குப் பணம். இன்னொருவனுக்கு நாரை மேலேறி வானுலகம் போகவேண்டும். நாலாவது ஆள், இடுப்பில் காசைச் சரம் சரமாகக் கட்டிக்கொண்டு, நாரை மேலேறி, யாங்சோவுக்கே வருவேன் என்றானாம்.

"அவ்வளவு காசோட நாரை பறக்குமா டீச்சரம்மா?" என்றாள் பக்கத்தில் படுத்திருந்தவள்.

"பேராசையைக் கிண்டல் பண்ணத்தான்டி கதையே. இப்ப பணக்காரனைச் சொல்ல 'இடுப்புல காசுச் சரம்'கற முன்பாதி மட்டும் மிச்சம். ஷூசென், நீ என்ன கேப்பே?"

துண்டைப் பிழிந்துகொண்டு அடுத்த முதுகுக்குப் போனேன்.

ஜனவரி 23
யுன்ஷியாவின் போன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 6
சந்திரப் புத்தாண்டுக்கு முன் அழுக்குப் போக்க ஊரே வந்துவிட்டது. வரிசையில் யுன்ஷியா. கூடத்து வெந்நீர்க் குளத்தில் இறங்கவில்லை. இடுப்புத் துண்டையும் அவிழ்க்கவில்லை.

"காசுச் சரம் விழுந்துடுமோ என்னமோ" என்று யாரோ சிரித்தார்கள்.

"அவுத்தாத்தான் தேய்ப்பேன்" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி. வேண்டுமென்றேதான்.

அவிழ்த்தாள். வயிற்றோரம் ஒட்டிய பை. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். இனி மலம் போவது அந்தப் பைக்குள்தான்.

"எப்ப?"

"அம்மா போன அன்னிக்கு ஆபரேஷன் மேஜை மேல கெடந்தேன்க்கா. அம்மா படுத்த படுக்கையா இருக்கையில எப்படிச் சொல்றது? அப்புறம் நீ போனை எடுக்கலை."

என்ன பண்ணிட்டேன் நான் — ஊர் முன்னாடி, என் தங்கச்சியை —

துண்டை வாளியில் நனைத்தேன். சுட்டது. கையை உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீர் கலந்தேன். மெதுவாகத் தேய்த்தேன். எலும்புதான் இருந்தது.

பிப்ரவரி 9
யுன்ஷியா என் வீட்டில்தான் இருக்கிறாள். புற்றுநோய் திரும்புமா என்பது போகப்போகத்தான் தெரியுமாம். நாளை புத்தாண்டு; இன்று மதியத்தோடு கூடத்தை மூடினோம். கடைசியாக அவள் முதுகு. பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த பியான், நான் என்ன வரம் கேட்பேன் என்று மறுபடியும் கேட்டார்.

"அடுத்த வருஷமும் இவ முதுகைத் தேய்க்கணும்" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அதையே நாரை தூக்குதான்னு பார்ப்போம் டீச்சரம்மா."