தட்டாமல் விட்ட கதவு

ஜனவரி 11, திங்கள்

முழங்கால் வரை பனி. இருந்தும் இன்று பதினான்கு கதவுகளைத் தட்டிவிட்டேன். பிப்ரவரி முதல் தேதி எங்கள் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காக்கஸ் கூட்டம். அயோவா மாநிலத்தின் இந்த மூலையில் எங்கள் வேட்பாளருக்கு நான்தான் பொறுப்பாளர். எனக்கு இது ஏழாவது அதிபர் தேர்தல். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஓர் எண் போட வேண்டும். 1 என்றால் உறுதியாக நம் ஆள், 5 என்றால் அடுத்த கட்சி. நடுவில் இருப்பவர்கள்தான் உயிரை வாங்குகிறார்கள்.

எதிர்வீட்டு வெண்டலுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே 1 போட்டேன். சொந்தத் தம்பி வீட்டுக் கதவையா போய்த் தட்டுவார்கள்? அப்பா ஆலையில் தொழிற்சங்கச் செயலாளர். எங்கள் தலையில் ஞானஸ்நானத் தண்ணீரோடு கட்சியையும் சேர்த்துத்தான் தெளித்தார்கள்.

ஜனவரி 17, ஞாயிறு

தேவாலயம் முடிந்து வழக்கம்போல வெண்டல் சாப்பிட வந்தான். அவன் மனைவி கொரின் இறந்த நாளிலிருந்து ஞாயிறு மதியம் அவனுக்கு இங்கேதான். மாட்டிறைச்சியும் பாலேடு ஊற்றிச் சுட்ட உருளைக்கிழங்கும் செய்திருந்தேன்.

"பக்கத்து வீட்டு மேவிஸ்கிட்ட மூணு தடவை போனியாமே அக்கா?"

"ஆமாடா. அம்மணி இன்னும் யோசிக்கிறாங்களாம்."

பிறகு அப்பா வேலை பார்த்த ஆலையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான். "அதை மூடினப்போ நம்ம கட்சிக்காரங்க ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல…" பட்டியல் என் மடியில் இருந்தது, இன்னும் ஒன்பது பேருக்குத் தொலைபேச வேண்டியிருந்தது. "அந்தப் பழைய கதை இப்ப எதுக்கு, கறி ஆறிடும், சாப்பிடு" என்றேன். சாப்பிட்டான்.

ஜனவரி 29, வெள்ளி

உறுதியாக வருகிறவர்கள் பதினெட்டுப் பேர், என்னையும் வெண்டலையும் சேர்த்து. போதும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 2, செவ்வாய்

நேற்றே எழுதியிருக்க வேண்டும். கை ஓடவில்லை.

பள்ளியின் உள்ளரங்கில் ஆளுக்கொரு மூலையில் நின்றோம். எங்கள் கட்சி வழக்கம் அப்படி. யாருக்கு ஆதரவோ அவர் பெயர் ஒட்டிய சுவரோரம், ஊரே பார்க்க நிற்க வேண்டும். வந்தவர்கள் நூற்றுப் பத்தொன்பது. நூற்றுக்குப் பதினைந்து பேராவது இல்லாத மூலை கலைந்து, அதிலிருப்பவர்கள் வேறு மூலைக்குப் போக வேண்டும். அதாவது எங்களுக்குப் பதினெட்டுப் பேர் வேண்டும். எண்ணினேன். பதினேழு. திரும்ப எண்ணினேன், என்னையும் எண்ணினேன். பதினேழுதான்.

"இன்னும் ஒருத்தர் வரணும்" என்று கூட்டத் தலைவரிடம் கெஞ்சினேன். கதவைச் சாத்தியாயிற்று என்றார். வெண்டலின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கே போய்த் தொலைந்தான்? பனியில் வண்டி மாட்டிக்கொண்டதா? மேவிஸ் எதிர் மூலையிலிருந்து கத்தினாள்: "ஆர்லிஸ், இங்க வந்துடேன், எங்ககிட்ட பிஸ்கட் இருக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அங்கேதான் போய் நின்றேன். மேவிஸே என் சட்டையில் அவள் ஆளின் பெயர் போட்ட வில்லையை ஒட்டினாள்.

அதே பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் அடுத்த கட்சியின் கூட்டம். அங்கே மூலையும் இல்லை, தலை எண்ணுவதும் இல்லை. துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். நான் வெளியே வரும்போது அவர்களும் கலைந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு வேட்டைக் கோட்டு. வெண்டல்.

"அங்க என்னடா பண்ற?"

"கட்சி மாத்திக்கிட்டேன். வாசல் மேசையிலேயே எழுதிக்கிறாங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா!"

"இந்தத் தெருவுல எல்லார் கதவையும் தட்டின. மேவிஸ் வீட்ட மூணு தடவை தட்டின. எங்கிட்ட ஒரு தடவை கேட்டியா அக்கா?"

"உங்கிட்ட எதுக்குடா கேக்கணும்?"

"அதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கிப் போய்விட்டான்.

பிப்ரவரி 7, ஞாயிறு

வரவில்லை.

மே 21, சனி

அவன் புல்வெளியில் அடுத்த கட்சி வேட்பாளரின் பிரசாரப் பலகை. என் புல்வெளியில் எங்கள் பலகை. நடுவில் தார் ரோடு. தபால்பெட்டி அருகே எதிரெதிரே மாட்டிக்கொண்டோம். நல்லதாக ஒரு வார்த்தை பேச நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு: "அப்பா இருந்திருந்தா உன் மூஞ்சிலயே முழிச்சிருக்க மாட்டார்."

அவன் கடிதங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். எனக்கு ஏன் இந்த வாய்? எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் போய் மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன், பாவி.

அக்டோபர் 8, சனி

காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் வெண்டல். கையில் அட்டை, அதில் பட்டியல், காதில் பேனா. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அட்டையைப் பார்த்தே வாசித்தான். "வணக்கம்ங்க. நவம்பர் எட்டாம் தேதி ஓட்டுப் போடுவீங்களா?"

"டேய், என்னடா இது?"

"யாரையும் விடாம கேக்கணும்னு சொல்லியிருக்காங்க." கண்ணை நிமிர்த்தவே இல்லை. "உங்களுக்கு ரொம்ப முக்கியமான பிரச்சினை எதுங்க?"

ஏழு தேர்தலில் நூற்றுக்கணக்கான பேரிடம் நான் கேட்ட கேள்வி. என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. யோசிக்க வேண்டியிருந்தது.

"நீ ஞாயித்துக்கிழமை சாப்பிட வராததுதான்டா."

பேனா அட்டைமேல் அப்படியே நின்றது. "அதுக்கு இதுல கட்டம் இல்ல அக்கா" என்றான். பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தினான். "உனக்கு அஞ்சு, அடுத்த கட்சின்னு போடலாமா?"

"தெரிஞ்சுதானே கேக்கற?"

"தெரியும். இருந்தாலும் கேட்டுட்டுத்தான் போடறேன்."

உள்ளே வாடா என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வீட்டுக்குப் போனான், மேவிஸ் வீட்டுக்கு.

நவம்பர் 13, ஞாயிறு

தேர்தல் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று இதில் எழுதப்போவதில்லை. அதை ஊரே பேசுகிறது. எங்கள் பலகையைப் பிடுங்கிக் கொட்டகையில் போட்டேன்.

மதியம் இறைச்சியும் உருளைக்கிழங்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். பட்டியல் இல்லாமல் ஒரு கதவைத் தட்டி எத்தனை வருடம் ஆயிற்று? திறந்தான். தாடி வளர்ந்திருக்கிறது, மெலிந்திருக்கிறான்.

"அன்னைக்கு அப்பாவ இழுத்துச் சொன்னது தப்புடா."

"சரி அக்கா."

"உங்கிட்ட கேக்காததும் தப்பு."

பாத்திரத்தை வாங்கிக்கொண்டான். உள்ளே வா என்று சொல்வான் என்று பார்த்தேன். "பாத்திரத்தை அப்புறம் தர்றேன்" என்றான்.

நவம்பர் 15, செவ்வாய்

காலையில் செய்தித்தாள் எடுக்கப் போனேன். வாசற்படியில் பாத்திரம் இருந்தது. பளபளவென்று கழுவி, மூடியை ஒழுங்காக மூடி வைத்திருக்கிறான். பனியில் வந்த தடமும் திரும்பிய தடமும் தெரிந்தன.

விடியலிலிருந்து நான் சமையலறையில்தான் இருந்தேன், கதவிலிருந்து நாலு அடி. தட்டியிருந்தால் கேட்டிருக்கும்.