குளியல் தொட்டியில் இருக்கும் சாடியாருக்கு

பிலோமினா மூன்று நாளாகப் புருஷன் சவிரிமுத்துவோடு கதைக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகுமுன் சொல்லவேண்டியவை இருந்தன. ஆகவே, டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரிலிருந்த அவர்கள் வீட்டின் குளியல் தொட்டியை அடைத்துக்கொண்டு நின்ற, அவன் வைன் ஊறப்போட்ட ஐந்து சாடிகளில் பெரியதற்கு ஒரு சீட்டு எழுதினாள்.

"சாடியாரே, உம்மடை முதலாளியிட்டைச் சொல்லும். சோறு அடுப்பிலை கிடக்கு. மூண்டு மணிக்கு வைன் சங்கத்துக்காரர் ருசி பாக்க வருகினம், அவைக்கு ஆப்பிள் வைனைக் குடுக்கட்டும். நான் இண்டைக்கும் கீழ்வீட்டு டெனிஷ்காரி இங்கரிட்டைப் போய்த்தான் குளிச்சனான். 'சவிரிமுத்து குடும்ப வைன்சாலை' எண்டு போத்திலிலை ஒட்டினவர், குடும்பம் குளிக்க இடமில்லை எண்டதையும் ஒட்டட்டும்."

சாடி 'குளுக்' என்றது.

"நீரும் அவரின்ரை பக்கம்தான்," என்று அதை முறைத்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"எண்பத்தேழிலை, நான் வாற அண்டைக்குத் திறக்கவெண்டு அவர் ஒரு போத்தில் செரிப்பழ வைன் போட்டவர். இந்த நாட்டு அரசாங்கம் குடும்பத்தைக் கூப்பிடுற பேப்பரைக் கிடப்பிலை போட, நான் வர ரெண்டு வருசம் பிந்திப்போச்சு. அதுக்கு இப்ப விசாரணை நடக்குது. போத்திலை மட்டும் ஒருத்தரும் விசாரிக்கேல்லை. புளிச்சிருக்குமெண்ட பயத்திலை அவர் திறக்கிறாரில்லை, கேட்டால் சண்டை.

நான் திறந்து பாத்தனான். புளிச்சுத்தான் போச்சு."

இனிச் சீட்டின் ஓரம்தான் மிச்சம்.

"நேற்று மீன்குழம்புக்குப் பழப்புளி விடேல்லை, அதைத்தான் விட்டனான். நல்லாயிருக்கெண்டு மூண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டவர்."