நீ எழுப்பிய நான்கு தூண்கள்

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு பழைய வீட்டைக் காலையிலிருந்து இடித்துக்கொண்டிருக்கிறார்கள். இயந்திரம்தான் இடிக்கிறது, ஆட்கள் அதிகம் இல்லை. ஜன்னல்களைச் சாத்திவிட்டேன். ஆனாலும் பழஞ்சுவரின் சுண்ணாம்பு மணம் எப்படியோ உள்ளே வந்துவிட்டது. காப்பிக்குப் பால் வைத்தவள், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ முதல்முதலாக எங்கள் கொல்லைக்குள் இறங்கி வந்தபோது உன் மீது இருந்த மணம் இது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. ஆடி மாதம். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஐம்பத்தோரு வயதில் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போயிற்று. எங்கள் வலியசாலைத் தெரு வீடுகள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்: ஒன்றோடு ஒன்று ஒட்டி, நீளமாக, நடுவில் வெளிச்சமே இல்லாமல். அவர் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெளிக்காற்றில் உட்கார வையுங்கள், தினமும் நடக்கவிடுங்கள் என்றார் டாக்டர். கொல்லையைத் தவிர வேறு இடம் எங்கே இருக்கிறது? அங்கேயோ வெயில், இல்லாவிட்டால் மழை. பிடித்து நான்கடி கூட்டிப்போவேன், தூறல் விழும், திரும்ப உள்ளே.

பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்போது பின்கட்டை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். நீ அங்கே சித்தாள். தலையில் சட்டியோடு மதிலுக்கு அந்தப் பக்கம் போகும்போதும் வரும்போதும் எங்களைப் பார்த்திருக்கிறாய். நான் அதைக் கவனித்ததில்லை.

அந்த வேலைக்கு மேஸ்திரியாக இருந்தவரிடம்தான் முதலில் கேட்டேன். "இடிச்ச சாமானெல்லாம் கிடக்கே, அதை வெச்சு எங்க கொல்லைல ஒரு சின்னக் கூரை போட்டுத் தரேளா?" அவர் கன்னியாகுமரிப் பக்கத்து ஆள். சிரித்துவிட்டார். "பழைய கல்லுல கைவச்சா பணிக்கு முடிவே வராது மாமி. புதுசு எறக்குங்க, நோக்கலாம்." வைத்தியச் செலவுக்கு நடுவே புதுசு இறக்குகிற நிலையில் நான் இல்லை.

அன்று சாயங்காலம் நீ மதிலில் ஏறி உட்கார்ந்து கூப்பிட்டாய்.

"யக்கா, நான் கெட்டித் தாரேன்."

"உனக்குக் கட்டத் தெரியுமாடி?"

"பதினெட்டு வருசமா கல்லு எடுத்துக் குடுத்துக்கிட்டு, பாத்துக்கிட்டேதான நிக்கேன். தெரியாமப் போகுமாக்கா?"

எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். வேறு வழியில்லாமல்தான் சரி என்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தாய். பிரித்தால் கொத்துக்கரண்டி. சாலைக் கடைத்தெருவில் வாங்கி மூன்று வருஷமாகத் துணிப்பெட்டிக்குள் வைத்திருந்தேன் என்றாய். இரும்பு அப்படியே பளபளத்தது. அதில் ஒரு துளி சிமென்ட்கூடப் பட்டிருக்கவில்லை.

அன்று உனக்குக் காப்பி கொடுத்தது தனி டம்ளரில். நீ குடித்துவிட்டு அதை நீயே கழுவிக் கவிழ்த்தாய். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டதால் மதிலுக்கு மேலாகவே சாமான் வந்தது. செங்கல்லை நீ சும்மா எடுக்கவில்லை. இரண்டிரண்டாகத் தட்டிப் பார்த்தாய். கணீரென்றால் வலப்பக்கம், மொத்தென்றால் இடப்பக்கம். ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கொத்தி உதிர்த்தாய். ஒற்றைக் கதவு ஒன்று, கம்பி போட்ட ஜன்னல் இரண்டு, ஓடுகள், பாதி செல்லரித்த மரச் சட்டங்கள். செல்லரித்த பாதியை அறுத்துத் தள்ளிவிட்டு, "மிச்சம் இரும்பு மாதிரி இருக்குக்கா" என்று என் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னாய்.

கட்டத் தொடங்கும் முன் நீ செய்த காரியத்தை அதற்கப்புறம் நான் எந்தக் கொத்தனாரிடமும் பார்க்கவில்லை. வெறும் தரையில் நாற்காலியைப் போட்டு, "சாரைக் கூட்டிட்டு வாங்க" என்றாய். அவரை உட்கார வைத்து, கண் உயரத்துக்கு ஒரு நூல் பிடித்தாய். கையை நீட்டச் சொல்லி அங்கே ஒரு நூல். எழுந்திருக்கும்போது எங்கே பிடிமானம் தேடுகிறார் என்று பார்த்து அங்கே ஒரு குச்சி. நான்கு மாதமாக எல்லோரும் அவரைத் தூக்கினோம், படுக்க வைத்தோம், துடைத்தோம். இப்படி இருந்தால் உங்களுக்குச் சௌகரியமா என்று அவரைக் கேட்ட முதல் ஆள் நீதான்.

ஞாயிறுதோறும் வந்தாய். தூண் நேராக எழும்புகிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு இல்லாததால் என் பழைய பூட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டாய். இரண்டாவது வாரம் மூன்றாம் தூண் இடுப்புக்கு மேல் வந்திருந்தபோது, பூட்டையும் தூணையும் பார்த்தபடி வெகுநேரம் நின்றாய். பிறகு மேலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்க்க ஆரம்பித்தாய்.

"என்னடி பண்றே? நன்னாத்தானே இருக்கு!"

"ஒரு விரக்கடை சாஞ்சிருக்குக்கா."

"போறும்டி, இந்தக் கொல்லைல யார் வந்து பாக்கப் போறா?"

"பாக்க மாட்டாவ. ஆனா சாரு இதுலதான சாஞ்சு உக்காருவாவ" என்றாய். அன்று மத்தியானம் நீ சாப்பிடவில்லை.

மேஸ்திரிக்கு விஷயம் தெரிந்தது அந்த வாரம்தான். விட்டுப்போன ஏணியை எடுக்க வந்தவர் மதில் வழியாக எட்டிப் பார்த்தார். "ஒனக்கு எதுக்குட்டி கரண்டி? சட்டி சொமந்தா மதி, அது போரும், கேட்டியா" என்றார். நீ அடுத்த கல்லை எடுத்தாய். திங்கட்கிழமை தம்பானூர் பஸ் நிலையத்துப் பக்கம் காலையில் ஆள் எடுக்கிற முக்கில் நீ நின்றபோது அவர் உன்னைக் கூப்பிடவில்லை. அவர் கூப்பிடாததால் மற்றவர்களும் கூப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்க உனக்கு வேலை இல்லை. நீயா சொன்னாய்? உன்னோடு அறையில் தங்கியிருந்த ஊர்க்காரப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு நீ வந்ததும், "இது வேண்டாம்டி. பாதியிலே விட்டுடலாம். உன் பொழைப்பு முக்கியம். பொண்ணைப் படிக்க வெச்சிண்டிருக்கே" என்றேன்.

எனக்கு நினைவு தெரிந்து நீ என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

"பாதில விட்டா மேஸ்திரி சொன்னது சரின்னு ஆயிரும்க்கா! நாளைக்கு எம்பொண்ணு எதையாவது பாதில விட்டா நான் என்ன மூஞ்சிய வச்சு ஏன்னு கேப்பேன்?"

உள்ளே படுத்திருந்த அவருக்கும் கேட்டிருக்கிறது. குழறலாக ஏதோ சொன்னார். போய்க் குனிந்து கேட்டேன். "கட்டட்டும்" என்றார். அவ்வளவு தெளிவாக அவர் ஒரு சொல் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

கூரை போட அந்த முக்கிலிருந்தே மூன்று சித்தாள்களைக் கூட்டி வந்தாய். நான்கு பெண்கள் மரத்தைத் தோளில் ஏற்றித் தூண்களின் மேல் வைத்ததை அவர் கொல்லைப்புற ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் சிலர் கேலி பேசினார்கள். நீங்கள் சத்தமாக ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓடு அடுக்கினீர்கள். சாரல் அடிக்கிற பக்கத்துச் சுவரில் பழைய ஜன்னல் ஒன்றை வைத்தாய்; இரண்டாவதை அந்தக் குடிலில் நீ வைக்கவில்லை. அதன் கம்பிகளைக் கழற்றி, பின்வாசலிலிருந்து குடில்வரை இடுப்பு உயரத்தில் கைப்பிடியாகப் போட்டாய். அதை உன்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள், இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் தானே நடந்தார். பதினாறு அடி. நான் பின்னாலேயே போனேன், தொடவில்லை. போய் உட்கார்ந்து, தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எதிரே இருந்த கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தார். அன்று மழை பெய்தது. அவர் உள்ளே வரவில்லை.

அதே வாரம் மேஸ்திரி வந்தார். நீயும் இருந்தாய். யாரிடமும் கேட்காமல் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து நான்கு தூண்களிலும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். நான் துலக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். நீயோ கையைக் கட்டிக்கொண்டு மதிலோரம் நின்றாய். குண்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்: "பழைய கல்லு சாந்துல உள்ள வெள்ளத்தை உறிஞ்சுமே. என்ன செய்த?"

"ஒரு ராத்திரி பூரா தொட்டித் தண்ணியில ஊறப்போட்டேன் மேஸ்திரி."

"ம்" என்றார். போய்விட்டார். அவர் போன பிறகு நீ தரையில் உட்கார்ந்து அழுதாய்.

மறுநாள் உன்னை வேலைக்கு எடுத்தார், சட்டி சுமக்கத்தான். கரண்டியைக் கையில் தர அவருக்கு இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. முதலில் குளியலறைப் பூச்சு, பிறகு மதில், பிறகு முழு அறை. உன் பெண்ணுக்குக் கல்யாணமான பின் தென்காசிப் பக்கம் உன் ஊருக்கே போய்விட்டாய்; அங்கே உன்னிடம் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஒருவன் ஆண் என்று போனில் சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் சிரித்தாய்!

அவர் அதற்கப்புறம் எட்டு வருஷம் இருந்தார். பகல் பொழுதெல்லாம் அந்தக் குடிலில்தான். செய்தித்தாள் படித்தார், இடது கையால் எழுதப் பழகினார், என்னோடு சண்டைகூடப் போட்டார். வாழ்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன மாதம் உன் பெண் கூப்பிட்டாள். உனக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றாள். நான்கு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். உன் இறப்பைப் பதிகிற ஆபீஸில், விண்ணப்பம் எழுதுகிறவருக்குப் பக்கத்தில் நின்று பேசினாள்.

"பெரியம்மா, அம்மாவுக்கு என்ன தொழில்னு ஒரு கட்டம் இருக்கு. கூலின்னு போட்ருவமான்னு இவரு கேக்காரு. நான் என்ன சொல்ல?"

"கொத்தனார்னு எழுதச் சொல்லு" என்றேன்.

அவள் சொன்னாள். அந்த ஆள் ஏதோ மறுப்பது எனக்குக் கேட்டது. பெண்ணுக்கு அப்படிப் போடுவது வழக்கமில்லையாம்.

"போனை அவர்கிட்டே கொடு" என்றேன். நான் எங்கிருந்து பேசுகிறேன், நீ யார், எங்கள் கொல்லையில் நிற்பது என்ன, அதற்கு எத்தனை வயது எல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு "கொத்தனார்" என்று எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே எழுதினார்.