இரண்டாவது கியரில் வரும் சத்தம்

அன்பு மாப்பிள்ளை கன்னியப்பனுக்கு,

அத்திவரதர் குளத்தை விட்டு வெளியே வந்த வருஷம் அது. தறிக்காரர்கள் தறியைப் போர்த்திவிட்டு வாசலில் தண்ணீர் பாக்கெட் விற்றார்கள். அடுத்த வருஷம் கொரோனா வந்து ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. படுத்திருந்த பெருமாள் எழுந்து நின்ற வாரத்தில்தான் நீ ஒரேயடியாகப் படுத்தாய்.

எனக்கு எழுதத் தெரியாது. அச்சாபீஸில் உட்கார்ந்து சொல்கிறேன், எழுதிக்கொள்கிறார்கள். நினைவு நாள் நோட்டீஸில் எல்லாரும் உன்னை நல்லவன் என்று போடுவார்கள். நல்லவன்தான். காது மட்டும் கிடையாது.

அன்று காலை உன் வேனில் செவிலிமேட்டிலிருந்து கோயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தாய். என் மெக்கானிக் ஷெட்டைத் தாண்டும்போது இரண்டாவது கியர் போட்டாய். அடியில் 'டங்'. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாய், மறுபடியும் 'டங்'. வண்டி திரும்பி வந்ததும் நான்தான் கை காட்டி நிறுத்தினேன். எஞ்சின் மவுண்டிங் போயிருந்தால் எஞ்சின் எகிறும், எகிறவில்லை. கியர் பாக்ஸ் என்றால் கறகறவென்று அரைக்கும், அரைக்கவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்து அடியில் படுத்து, பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைப் பிடித்துத் திருகினேன். மூட்டில் ஷாஃப்டைப் பிணைக்கும் சிலுவை இரும்பு, கிராஸ், ஆடும் பல் மாதிரி ஆடியது. எதையும் கழற்றவில்லை. எழுந்து வந்து, அரை நாள் வண்டியை நிறுத்து, மாற்றித் தருகிறேன் என்றேன்.

நீ சிரித்தாய். பக்கத்தில் டீக்கடை நாகலிங்கமும் உன் மாற்று டிரைவர் மணியும் சேர்ந்து சிரித்தார்கள்.

"சத்தம் நின்னாத்தான் மச்சான் பயப்படணும். எங்க வூட்ல தறி சத்தம் நின்னா, இழை அறுந்துபோச்சின்னு எங்கம்மா அடுப்படிலேர்ந்து ஓடியாரும். சத்தம் வந்தா வேல நடக்குதுன்னு அர்த்தம்."

"அது தறிடா. இது தேயற இரும்பு."

"அத்திவரதரு நாப்பது வருஷத்துக்கு ஒரு தபா எழுந்துக்கிறாரு. உன் கிராஸ் நாளைக்கும் இருக்கும்."

நானும் தறி வீட்டில் பிறந்தவன்தான். அந்தச் சத்தத்தில் தூங்கி, அந்தச் சத்தத்தில் விழித்தவன்தான். அதை மறக்க எனக்குப் பல வருஷம் ஆனது. உனக்கு மறக்க மனமில்லை. நாளைக்கும் இருக்கும் என்றாயே, மாப்பிள்ளை, மத்தியானம் வரைக்குமாவது இருந்ததா?

ஆள் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு பாலாற்றுப் பாலத்தை நெருங்கும்போது கிராஸ் உடைந்தது. ஷாஃப்டின் முன்பக்கம் கீழே விழுந்து ரோட்டில் குத்தியது. வண்டி கம்பு ஊன்றித் தாண்டுகிறவன் மாதிரி எகிறிக் கவிழ்ந்தது. உன்னைப் பார்த்து அடையாளம் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். சட்டையை வைத்துச் சொன்னேன்.

காலையில் நான் வண்டிக்கு அடியிலிருந்து கிரீஸ் கையோடு எழுந்ததைத் தெருவில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். கழற்றியவன் சரியாக முடுக்கவில்லை என்று பேச்சு கிளம்பியது. உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் என் தங்கை சரஸ்வதியின் தோளைத் தொடப் போனேன்.

"வண்டில வெச்ச கைய எம்மேல வெக்காத," என்றாள்.

அதோடு சரி. என் மனைவி செத்ததற்கும் அவள் வரவில்லை. ஊரும் என்னிடம் வண்டி விடுவதைக் குறைத்தது. அதற்கெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. செத்தவனைத் திட்ட முடியாது; நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன், என்னைத் திட்டினாள் என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஏன் பேசுகிறேன் தெரியுமா? உன் மகன் குமரன் பழைய லோடு வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். மாகறலுக்கும் ஊருக்கும் காய்கறி மூட்டை ஓட்டுகிறான். தினமும் என் ஷெட்டைத் தாண்டும்போது இரண்டாவது கியர் போடுகிறான். 'டங்'. காலை எடுக்கிறான். 'டங்'.

டீக்கடையில் மடக்கிக் கேட்டேன். உன்னை உரித்து வைத்த மாதிரி சிரித்தான்.

"சத்தம் வந்தா வேல நடக்குதுன்னு அப்பா சொல்லிக்கினே இருக்கும் மாமா. உங்க ஷெட்டாண்ட வண்டிய வுட்டா அம்மா சோறு போடாது."

வேறு ஷெட்டிலாவது காட்டுடா என்றேன். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டான். நீ பிள்ளைக்கு விட்டுப்போன சொத்து இதுதானா?

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், மாப்பிள்ளை. உன் பேர் நாறினாலும் சரி, உன் பிள்ளையை உன் பக்கத்தில் கிடத்த விடமாட்டேன். அதற்குத்தான் உன் பேச்சை ஊரறிய அச்சில் ஏற்றுகிறேன். ஆனால் நான் சொன்னால் அவன் நம்பமாட்டான். அன்று நீ பேசியதைக் காதால் கேட்டவர் யாராவது சொல்ல வேண்டும். நாகலிங்கத்தைக் கொரோனா கொண்டுபோனது. மணி போன தை மாதம் போய்ச் சேர்ந்தான். உனக்குத் தூக்குவாளியில் கூழ் கொண்டுவந்து, நீ பேசி முடிக்கும்வரை வண்டியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டவள் ஒருத்திதான் இன்னும் உயிரோடு இருக்கிறாள்.

அவள் கனவில் போய்ச் சொல். பிள்ளையிடம் வாயைத் திறக்கச் சொல்.

உன் மச்சான் முருகேசன்,
அந்தச் சரஸ்வதிக்கு அண்ணன்.