ஃபோம் ஒட்டிய அறை

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்திருக்கிறேன். ரெக்கார்டிங்குக்கு முன்னால் குடியுங்கள், தொண்டை கட்டியிருக்கிறது. சாவி செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில்.

உங்கள் ரெக்கார்டிங் அறையில் மிச்சச் சுவருக்கும் ஃபோம் ஒட்ட அந்த ஆள் சாயங்காலம் வருவார். முதல் நாளே தலைப்பாடாய் அடித்துக்கொண்டார்: "சார், இது ரூமுக்குள்ள எதிரொலியத்தான் குறைக்கும், வெளிய போற சத்தத்த நிறுத்தாது." நீங்கள் காதில் போட்டுக்கொண்டால்தானே! ஃபோம் ஒட்டியதும் ஊரே செவிடாகிவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள்.

நேற்று கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் அக்காவிடம் போனில் சொன்னீர்களே, "இவளோட மாரடிச்சே என் பாதி ஆயுசு போச்சுக்கா" என்று. நான் சமையலறையில் உங்கள் தட்டைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிரொலி இல்லாததால் ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை. நல்ல குரல் உங்களுக்கு. சும்மாவா விளம்பரத்துக்கெல்லாம் கூப்பிடுகிறார்கள்!

நான் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். கூப்பிட வராதீர்கள்.

பி.கு.: குழம்பில் உப்பு கொஞ்சம் கம்மி. போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஃபோம்காரரை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடுங்கள். இனிமேல் அக்காவிடம் கூடத்தில் உட்கார்ந்தே பேசலாம். கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை.