காய்ச்சல் இல்லாத நாளின் மார்க்கு

இன்று எனக்குக் காய்ச்சல். மலேரியாவுக்கான கொயினா மாத்திரை நாக்கில் பட்டதும் நீ நினைவில் வந்துவிட்டாய். சண்டாளி, இந்தக் கசப்போடுதான் வருவாயா? இப்போது இது கேட்ட கடையிலெல்லாம் கிடைக்கிறது. உலக யுத்தத்தின்போது நான் தேடி அலைந்தபோது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அரூர்ப் பள்ளியில் நாம் இருவரும் வாத்தியாரம்மாக்கள். நீ மதராஸில் மனோதத்துவம் படித்தவள். சர்க்கார் செலவில் ஹைஸ்கூலுக்கு அனுப்ப ஒரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கப் புத்திப் பரிசோதனை வந்தது. நாம் சொல்லும் எண்களைப் பிள்ளை அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த மார்க்கை வைத்தே மேல்படிப்பு வருமா வராதா என்று சொல்லிவிடலாமாம். சித்தேரி மலையிலிருந்து வந்த சின்னப்பொண்ணு, வகுப்பிலேயே கெட்டிக்காரி, அன்று மூன்றாவது எண்ணிலேயே திணறினாள். பரிசோதிக்க வந்த இன்ஸ்பெக்டரம்மா ‘மந்தபுத்தி’ என்று எழுதிவிட்டார்.

நீ விடவில்லை. மறுநாள் கேட்டாய், மளமளவென்று ஒப்பித்தாள். அதற்கு மறுநாள் மறுபடி திணறல். நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல்.

“நீங்க அளந்தது அவ புத்திய இல்லீங்கம்மா, காய்ச்சல. ஒருக்கா அளந்துட்டு அவ வாழ்க்கையவே சொல்லிராதீங்க” என்று இன்ஸ்பெக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாய்.

“காய்ச்சலுக்கெல்லாம் பரிசோதனையில் இடமில்லை.”

“இடம் குடுக்காததாலதாங்க தப்பு உள்ளயே உக்காந்துருக்குது!”

எனக்குக் கை தட்டத் தோன்றியது. ஆனால் என்ன பிரயோஜனம்? எழுதிய மார்க்கு மாறவில்லை. சின்னப்பொண்ணு மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள். நீ அன்று சாப்பிடவில்லை.

மழை விட்டதும் அதே காய்ச்சல் உன்னைப் பிடித்தது. கொயினாவுக்காகத் தருமபுரி வரை அலைந்து வெறுங்கையோடு திரும்பினேன். பாழாய்ப்போன யுத்தம்! கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே, “ஏம்புள்ள, எனக்கும் நம்பர் சொல்லேன், பாக்கலாம்” என்றாய்.

“மூணு, எட்டு, ஒண்ணு, ஆறு.”

“மூணு... எட்டு...” அதற்குமேல் வரவில்லை. சிரித்தாய். “நானும் மந்தபுத்திதான் போ. நாளைக்குக் காய்ச்சல் வுட்டுரும், அப்பக் கேளு. அதான் என் மார்க்கு.”

மறுநாள் காலையில் உன் நெற்றியைத் தொட்டேன். காய்ச்சல் விட்டிருந்தது. நெற்றி சில்லிட்டுக் கிடந்தது.

இன்றும் எந்தப் பிள்ளையாவது பதில் சொல்லத் திணறினால் பேனாவை மூடிவிடுகிறேன். “நாளைக்கு வா கண்ணு, மறுபடி கேக்கறேன்” என்று அனுப்புகிறேன். அவர்கள் வருகிறார்கள். நீ சொல்லாமல் விட்டுப்போன ஒன்றும் ஆறும் மட்டும் இன்னும் என்னிடமே இருக்கின்றன.